லாங் லைன் வாங்கறதுக்கு முன்னாடி: நாய் ட்ரெய்னிங் கயிறு பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க வீட்ல ஒரு சிப்பிப்பாறை இருக்கான், பேரு செவலை, வயசு 4, எடை 20 கிலோ சொச்சம். கோவில்பட்டி பக்கம் வீடு, பின்வாசலைத் திறந்தா கரிசக்காடுதான். மாசி மாசம் அறுப்பு முடிஞ்சா அடுத்த விதைப்பு வரைக்கும் கண்ணுக்கு எட்டுன தூரம் வெறும் நெலம், அதுல மயில், முயல், கிடை ஆடுன்னு ஓட வைக்கறதுக்கு எல்லாமே இருக்கும். இந்த நாயைக் கூப்ட்டா திரும்பி வர வைக்கறதுக்குள்ள நாலஞ்சு கயிறு மாத்திட்டேன், ரெண்டு தடவை கையைப் பொசுக்கிக்கிட்டேன். நாய் வளக்கறவங்க என்கிட்ட திரும்பத் திரும்பக் கேக்கற கேள்விகளுக்கு இங்க பதில் எழுதி வச்சிருக்கேன்.

லாங் லைன்னா என்ன? வீட்ல இருக்கற லீஷ் போதாதா?

ரோட்ல கூட்டிட்டுப் போற லீஷ் ஒன்றரை மீட்டர், மிஞ்சிப்போனா ரெண்டு மீட்டர் இருக்கும். அதுல நாய் நம்ம பக்கத்துலயே நிக்கறதால "வா"ன்னு கூப்பிடறதுக்கே வேலை இல்ல. லாங் லைன் 5 மீட்டர்ல ஆரம்பிச்சு 15, 20 மீட்டர் வரைக்கும் வரும். நாய் தூரமாப் போய் மோப்பம் புடிச்சு வேடிக்கை பாக்கலாம், நாம கூப்ட்டா வரலாம், வராமப் போனாலும் ஊரைத் தாண்டி ஓடிட முடியாது. அது நாய்க்கு சுதந்திரம் மாதிரி தெரியணும் நமக்கு காப்பு மாதிரி இருக்கணும், அவ்ளோதான் விஷயம்.

எத்தனை மீட்டர் வாங்கறது?

மொத தடவையா 10 மீட்டர் வாங்குங்க. 5 மீட்டர் மொட்டை மாடிக்கும் தெருவுக்கும் சரி, 15க்கு மேல போனா திறந்த காடு வேணும், அதோட கயிறு வெயிட்டே நாயை இழுக்க ஆரம்பிச்சிரும், சிக்கு எடுக்கறதுலயே பாதி நேரம் போயிரும். நான் ஆசைப்பட்டு 20 மீட்டர் வாங்கினேன், அது இப்ப எங்கம்மாவுக்கு துணி காயப்போடற கொடியா இருக்கு.

எந்த மெட்டீரியல் நல்லது? கடைல நைலான்னு சொல்றாங்க, நம்பலாமா?

நைலான் நல்ல சாமான்தான், ஆனா நைலான்னு சொல்லி குடுக்கறது எல்லாம் நைலான் இல்ல. விலை கம்மியா இருக்கற நாடா, கயிறு நிறைய பாலிப்ரொப்பிலின், பிபின்னு சொல்லுவாங்க. கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு, ஓரத்துல ஒரு சின்னத் துண்டு வெட்டி டம்ளர் தண்ணிக்குள்ள போட்டு காத்து வெளிய வர்ற மாதிரி நல்லா பிசைஞ்சு விடுங்க, பிபியா இருந்தா மறுபடி மேல வந்து மிதக்கும், நைலானும் பாலியெஸ்டரும் அடில போய் உக்காந்துரும். பிபி தண்ணிய விட லேசு, அதான் காரணம். அதனாலேயே குளத்துல நீச்சல் பழக்கறவங்களுக்கு அது நல்லது, ஆனா வெயில்ல கெடந்தா சீக்கிரம் மொறுமொறுன்னு ஆகி நார் நாரா உதிரும். நம்ம ஊரு வெயிலுக்கு அது சரிப்பட்டு வராது.

நைலானோட ப்ளஸ் என்னன்னா அது கொஞ்சம் நீளும், நாய் வேகமா ஓடி கயிறு முடியற எடத்துல வர்ற அடியை அது ஓரளவு வாங்கிக்கும். மைனஸ், தண்ணி குடிக்கும், நனைஞ்சா கனக்கும், பலமும் கொஞ்சம் குறையும். பாலியெஸ்டர் அவ்வளவா நீளாது, தண்ணியும் குடிக்காது, வெயிலைத் தாங்கும். பருத்தி நாடா கைக்கு ரொம்ப சுகம், உராஞ்சாலும் அவ்வளவா பொசுக்காது, புதுசா பழகறவங்களுக்கு நான் அதைத்தான் சொல்லுவேன், ஆனா ஈரத்தோட சுருட்டி வச்சா பூஞ்சை புடிச்சு இத்துப்போகும், அப்புறம் நெருஞ்சி முள்ளு. எங்க காட்டுல பருத்தி நாடாவை ஒரு ரவுண்டு இழுத்துட்டு வந்தா அடுத்த அரைமணி நேரம் முள்ளு பொறுக்கறதுதான் வேலை.

இதெல்லாம் வேணாம்னா பயோத்தேன். அது ஒரு அமெரிக்கக் கம்பெனியோட பிராண்ட் பேரு, இப்ப அந்த மாதிரி இருக்கற எல்லாத்தையும் அப்படித்தான் சொல்றாங்க. உள்ள பாலியெஸ்டர் நாடா, மேல பிளாஸ்டிக் கோட்டிங். சகதி, சாணி, முள்ளு எதுவும் ஒட்டாது, ஈரத்துணியால ஒரு துடை துடைச்சா முடிஞ்சுது. விலைதான் கடிக்கும். அதோட நனைஞ்சா கைல வழுக்கும், அதை விக்கறவங்க சொல்ல மாட்டாங்க.

என் நாய் 20 கிலோதான், 100 கிலோ தாங்கற கயிறு வாங்கினா தாராளமா போதும்ல?

போதாது. நிறைய பேரு இந்தக் கணக்குலதான் ஏமாறுறாங்க. நாயோட எடை கணக்குல பாதிதான், மீதி பாதி அது வர்ற வேகம்.

ஸ்கூல்ல படிச்ச இயக்க ஆற்றல் கணக்குதான், வேகத்தோட வர்க்கத்தை எடையால பெருக்கி ரெண்டால வகுக்கணும். 20 கிலோ நாய், நொடிக்கு 10 மீட்டர் வேகம், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நாய்ங்களுக்கு இது ஒண்ணும் பெரிய ஓட்டம் இல்ல. கணக்கு போட்டா 1000 ஜூல் வரும். புரியற மாதிரி சொன்னா அதே நாய் 5 மீட்டர் உயரத்துல இருந்து கீழ விழுந்தா வர்ற அடி. இந்த அடி எவ்ளோ தூரத்துல நிக்குதுங்கறதுதான் முக்கியம். கயிறு நீண்டு, நீங்களும் ரெண்டு அடி கூட ஓடி, எல்லாம் சேந்து அரை மீட்டர்ல நின்னா சராசரியா 200 கிலோ இழுப்பு வரும். நீளாத கயிறை ஒரு மரத்துல கட்டி, நாய் 10 சென்டிமீட்டர்ல டக்குனு நின்னா கிட்டத்தட்ட 1000 கிலோ, ஒரு டன்! சராசரியே இவ்ளோன்னா அந்த ஒரு கணம் வர்ற உச்சம் இன்னும் கூட இருக்கும்.

இப்ப 100 கிலோ கயிறை நெனச்சுப் பாருங்க. அதோட அட்டைல போட்டிருக்கற நம்பர் பெரும்பாலும் புதுக் கயிறு அறுந்து போற எடை, தினமும் இழுக்கற எடை இல்ல. அதுல ஒரு முடிச்சு போட்டா பலத்துல மூணுல ஒரு பங்கு, சில முடிச்சுல பாதியே போயிரும். பாராகார்டு 550ன்னு விக்கறாங்களே, அந்த 550 பவுண்டு கணக்கு, கிலோவுல 250தான். முடிச்சு போட்டா மேல சொன்ன 200ஐக் கூட அது தாங்குமாங்கறது சந்தேகம். அதனால நடுத்தர நாய்க்கு அறுபடற எடை அரை டன்னுக்கு மேல இருக்கறதை எடுங்க, பெரிய நாய்க்கு இன்னும் கூட.

ஆனா இங்க நிறுத்திட்டா பாதி பதில்தான் சொன்ன மாதிரி. கயிறு அறுந்து போகவே இல்லன்னு வைங்க, அந்த அடி எங்க போகும்? ஒரு முனை நாய் உடம்புல, மறுமுனை உங்க தோள்பட்டைல. எனக்கு "ரொம்ப ஸ்ட்ராங்கா வேணும்"னு யாராச்சும் சொன்னா மொதல்ல இதைத்தான் கேப்பேன். நாய் முழு வேகத்துல கயிறு முனைக்கு வரவே கூடாது, வர்றதுக்குள்ள நாம கூப்ட்டு திருப்பணும் இல்லன்னா கூடவே ஓடி வேகத்தைக் குறைக்கணும். அது கை தப்பிப் போற அன்னைக்கு மட்டும்தான் அந்த அரை டன் நமக்கு வேணும்.

கயிறு நல்லா தடியா இருக்கு, அப்புறம் எப்படி அறுந்துச்சு?

கயிறு அறுந்திருக்காது, கொக்கி போயிருக்கும். எனக்கு நடந்ததைச் சொல்றேன். ஆன்லைன்ல ஒரு கடைல ஹெவி டியூட்டின்னு போட்டு வித்த 10 மீட்டர் லைன், கட்டைவிரல் தடிமன், பாத்தாலே மாட்டையே கட்டலாம் போல இருந்துச்சு. மூணாவது வாரம் வரப்புக்குப் பின்னாடி இருந்து ஒரு மயில் எந்திரிச்சுது, செவலை பறந்தான், "டக்"குனு ஒரு சத்தம், என் கைல கயிறு மட்டும் லேசா தொங்குது. கொக்கி சுத்துமே அந்தக் கழுத்துல ஒடிஞ்சிருந்துச்சு, ஒடிஞ்ச எடம் சாம்பல் கலர்ல நறநறன்னு அச்சு வெல்லம் ஒடச்ச மாதிரி. ரெண்டு மணி நேரம் கழிச்சு தானா வந்தான், ரெண்டு கால்லயும் சீமைக்கருவேல முள்ளு.

அந்த சாம்பல் கலர்தான் விஷயம். மேல பளபளன்னு முலாம், உள்ள ஜிங்க் கலவையை உருக்கி வார்த்தது. அது வளையாது, நேரா ஒடியும். காந்தம் வச்சுப் பாத்து ஏமாறாதீங்க, ஜிங்க்கும் ஒட்டாது பித்தளையும் ஒட்டாது. அரம் இருந்தா கண்ணுல படாத எடத்துல ஒரு கோடு போடுங்க, உள்ள மஞ்சளாத் தெரிஞ்சா பித்தளை, வெளுத்த சாம்பலாத் தெரிஞ்சா சந்தேகப்படுங்க. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கி கிடைச்சா அதுதான் பெஸ்ட். கடற்கரைல இருக்கறவங்க 316 கிரேடு கேளுங்க, 304 உப்புக்காத்துல கொஞ்ச நாள்ல புள்ளி புள்ளியா துரு எடுக்கும்.

சாவிக்கொத்துல வர்ற கலர் கலரான காரபைனரை நாய்க்கு மாட்டாதீங்க, அதுலயே ஏறுறதுக்கு இல்லன்னு எழுதியிருக்கும். மலை ஏறுறவங்க யூஸ் பண்ற நெசமான காரபைனர்ல எத்தனை கிலோநியூட்டன்னு செதுக்கியிருக்கும், 22ன்னு இருந்தா ரெண்டு டன்னுக்கு மேல. திருகுப் பூட்டு வச்சதா வாங்குங்க, வெறும் கட்டைவிரல் தள்ளுற கொக்கி நாய் பொரளும்போது வளையத்துல எக்குத்தப்பா பட்டு தானா தெறந்துக்கறதை நானே பாத்திருக்கேன். அப்புறம் அந்த வளையம், நாய் பக்கம் இருக்கற டி ரிங், அது பத்த வச்சு மூடியிருக்கணும். கம்பியை வளைச்சு நடுவுல இடைவெளி விட்டிருந்தா ஒரு நாள் இழுப்புல அது வாயைத் தெறக்கும்.

கழுத்து பெல்ட்லயே மாட்டிக்கலாமா?

கூடாதுங்க. மேல சொன்ன 200 கிலோவை குரல்வளை மேல நெனச்சுப் பாருங்க. நீளக் கயிறுன்னா ஹார்னஸ் (நெஞ்சையும் முதுகையும் சுத்திப் போடற வார்) கட்டாயம், அதுவும் முதுகுப் பக்கம் இருக்கற வளையத்துல. நெஞ்சுல இருக்கற வளையத்துல மாட்டினா கயிறு முன்னங்காலைச் சுத்தும், நாய் பக்கவாட்டுல திருகிக்கிட்டு விழும்.

நம்ம நாட்டு வேட்டை நாய்ங்களுக்கு இன்னொரு தலைவலி. தலை சின்னது கழுத்து தடி, சாதாரண காலரை பின்னாடி நடந்தே உருவிட்டுப் போயிரும். நெஞ்சு ஆழம், இடுப்பு ஒட்டிப்போய் இருக்கும், அதனால லேப்ரடாருக்குத் தைச்ச ஹார்னஸையும் அதே மாதிரி கழட்டிரும். இடுப்புக்கு கிட்ட மூணாவதா ஒரு வார் வர்ற ஹார்னஸ் இருக்கு, கிடைக்கலன்னா பேக் தைக்கறவர்கிட்ட குடுத்து ஒரு வார் சேத்துக்கலாம், நான் அப்படித்தான் செஞ்சேன்.

எங்க தாத்தா எல்லாம் மாட்டுக் கயிறுலதான் நாயைப் புடிச்சாங்க, இதெல்லாம் தேவையா?

தாத்தா நாயைக் கயித்துல வச்சு ஓட விடல, அவுத்து விட்டாரு. அன்னைக்கு ரோடும் இல்ல, லாரியும் இல்ல. அப்புறம் அன்னைக்கு முயல் வேட்டைக்குப் போனாங்க, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் இன்னைக்கு நாய் முயலைப் புடிச்சா உங்க மேல கேஸ், மயிலா இருந்தா சொல்லவே வேணாம். தேங்காநார் கயிறு பலமாத்தான் இருக்கும் ஆனா கைல ஓடினா அரம் வச்சு ராவற மாதிரி இருக்கும். தாம்புக்கயிறு மாதிரி நைலான் கயிறு ஓகே, ஆனா உருண்டையா வழுவழுன்னு இருக்கறதால புடிப்பு கம்மி. சங்கிலி வேணவே வேணாம், 10 மீட்டர் சங்கிலியை இழுத்துட்டு எந்த நாய் விளையாடும்?

பட்டன் அமுக்கினா சுருட்டிக்கற லீஷ் இருக்கே, அது ஈஸியா இருக்குமே?

ட்ரெய்னிங்குக்கு ஆகாது. அது எப்பவும் லேசா இழுத்துக்கிட்டே இருக்கும், நாய் என்ன கத்துக்கும்னா இழுத்தா இன்னும் நீளம் கெடைக்கும்னு கத்துக்கும். அதுல மெல்லிசு கயிறு வர்ற மாடல் கால்ல சுத்தினா கத்தி மாதிரி அறுக்கும்.

நானே செஞ்சுக்க முடியுமா?

தாராளமா. நான் இப்ப வச்சிருக்கறது நானே செஞ்சதுதான். ஸ்கூல் பேக் சாமான் விக்கற கடைல 20 எம்எம் நைலான் நாடா, தடியான நெசவா பாத்து 10 மீட்டர் (டம்ளர் தண்ணி டெஸ்ட்டை மறந்துராதீங்க), ஹார்ட்வேர் கடைல ஸ்டெயின்லெஸ் கொக்கி ஒண்ணு. முடிச்சு போடாதீங்க, தைங்க. நாடாவைக் கொக்கில கோத்து ஒரு சாண் மடிச்சு, ஒரு கட்டம் போட்டு அதுக்குள்ள பெருக்கல் குறி வர்ற மாதிரி தைக்கணும், செருப்பு தைக்கற அண்ணன்கிட்ட குடுத்தா அஞ்சு நிமிஷ வேலை, லாரி தார்ப்பாய் தைக்கறவங்க இன்னும் நல்லா தைப்பாங்க. நூல் மட்டும் நைலானா, இல்லன்னா பாலியெஸ்டரா இருக்கணும். பருத்தி நூல்ல தைச்சா நாடா அப்படியே இருக்கும், நூல் மக்கி ஒரு நாள் பிரிஞ்சிரும். வெட்டின முனையை மெழுகுவர்த்தில காட்டி உருக்கி விட்ருங்க, இல்லன்னா இழை பிரியும்.

மறு முனைல கைப்புடி வளையம் வைக்காதீங்க. ஆச்சரியமா இருக்கும், ஆனா கயிறை விட்டுட்டு நாயை இழுத்துட்டு அலைய விடும்போது அந்த வளையம்தான் முள்ளுச்செடியோட தூர்ல போய் மாட்டும். அதுக்குப் பதிலா ரெண்டு மீட்டருக்கு ஒரு எடத்துல நாடாவை மடிச்சு சின்ன மேடு மாதிரி தைச்சு விடுங்க, கால்ல மிதிச்சா வழுக்காம அங்க நிக்கும், பாக்காமலே எவ்ளோ நீளம் போச்சுன்னு கைக்கும் தெரியும்.

கையில எப்படிப் புடிக்கறது? விரல் எல்லாம் பொசுங்கிப் போச்சு.

விரல்ல சுத்தாதீங்க, மணிக்கட்டுல சுத்தாதீங்க, இடுப்புல கட்டாதீங்க. நாய் ஓடற வேகத்துல சுத்து இறுகினா விரல் எலும்பே போயிரும். துணிக்கடைல புடவை மடிக்கற மாதிரி முன்னும் பின்னுமா மடிச்சு உள்ளங்கைல வைங்க, மறு கையால கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. அப்பதான் சிக்காம போகும். நாய் ஓடிருச்சுன்னா இறுக்கிப் புடிச்சு நிறுத்தப் பாக்காதீங்க, கிணத்துக் கயிறு நழுவினா கை என்ன ஆகும்னு தெரியும்ல, அதேதான். கூட ஓடிக்கிட்டே புடியை இறுக்குங்க, முடியலன்னா விட்டுட்டு கயிறோட கடைசி முனைல மிதிங்க. கிளவுஸ் போட்டுக்கோங்க, தோட்ட வேலைக்கு வர்ற தோல் வச்ச கிளவுஸ் போதும். சின்னப் புள்ளைங்க பக்கத்துல நின்னா அன்னைக்கு லாங் லைன் வேணாம், ஓடற கயிறு புள்ளைங்க கால வாரிவிட்டுரும்.

தெரு நாய்ங்க கும்பலா வந்தா கயிறோட சண்டைக்குள்ள மாட்டிக்காதீங்க, அந்த நேரத்துல நீளத்தைச் சுருக்கி கிட்ட புடிச்சுட்டு எடத்தைக் காலி பண்ணுங்க.

வேலைக்குப் போகும்போது இதுலயே மரத்துல கட்டிட்டுப் போலாமா?

வேணாம். மரத்தைச் சுத்திச் சுத்தி வந்து கடைசில ஒரு அடிக் கயித்துல மூச்சு முட்ட நிக்கும், தண்ணிச் சட்டி எட்டாத தூரத்துல இருக்கும். நீங்க பக்கத்துல உக்காந்து வேலை பாக்கும்போது அரை மணி நேரம் கட்டலாம், அப்பவும் கயிறு ரெண்டு முனையும் சுத்தற கொக்கியா, நாய் ஓடி வேகம் புடிக்க முடியாத அளவு குட்டையா, 3 மீட்டருக்குள்ள. நாள் முழுக்க சங்கிலில கெடக்கற நாயைப் பத்தி 1960லயே சட்டம் இருக்கு. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 11வது பிரிவு, அளவுக்கு மீறி குட்டையான இல்ல கனமான கயித்துல, சங்கிலில ரொம்ப நேரம் கட்டி வைக்கறதும் குத்தம், எப்பவும் கட்டிப் போட்டிருக்கற நாயை நடக்க ஓட விடாம இருக்கறதும் குத்தம்.

அக்கா, என் குட்டி கயிறையே கடிச்சுத் துண்டாக்குது, என்ன வாங்கறது?

கடிக்க முடியாத கயிறுன்னு ஒண்ணும் இல்லடா, இரும்பு வயர் ஒண்ணுதான் தாங்கும் அது கால்ல சுத்தினா தோலை உரிச்சிரும். குட்டி கடிக்கறது போரடிச்சுத்தான். கயிறு மாட்டினா நீ கூடவே இருக்கணும், வாய் வச்ச உடனே வேற பக்கம் கூப்ட்டு எதாச்சும் தின்னக் குடு, வேலை முடிஞ்சா கழட்டி ஆணில மாட்டிரு. துண்டு காணோம்னா மட்டும் அசால்ட்டா இருக்காதே, நூல் முழுங்கினா குடல்ல போய் சுருக்கிக்கும், வாந்தி எடுத்தா உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போ. ஆசனவாய்ல நூல் தெரிஞ்சா நீயா புடிச்சு இழுத்துராதே.

கயிறு வாங்கியாச்சு, இப்ப கூப்ட்டா வருவானா?

கயிறு கூப்டாது, நீங்கதான் கூப்பிடணும். மொத வாரம் மொட்டை மாடில, 5 மீட்டர்ல, வேகவச்ச கோழி ஈரலை சின்னச் சின்னத் துண்டா வச்சுக்கிட்டு "செவலை, வா", ஒரு தடவைதான். வந்தா ஈரல். வரலன்னா நீங்க நாயை விட்டு எதிர்ப்பக்கமா ஓடுங்க, ஓடறதைப் பாத்தா நாய்க்கு துரத்தணும்னு தோணும். கிணத்துல வாளி இறைக்கற மாதிரி நாயை இழுத்து இழுத்து கிட்ட கொண்டு வராதீங்க, அப்படி பண்ணினா இழுத்தா மட்டும் வர்றதுக்குப் பழகிரும். வந்த நாயை அடிக்காதீங்க, எவ்ளோ லேட்டா வந்திருந்தாலும். பத்து தடவை கூப்ட்டா எட்டு தடவை ஈரலைக் குடுத்து மறுபடி போய் வெளையாடுன்னு விட்ருங்க, வந்தா ஆட்டம் முடிஞ்சுதுன்னு அது நெனைக்கக் கூடாது.

அப்புறம் காட்டுக்கு, காலைல ஏழு மணிக்குள்ள, மண்ணு சுடறதுக்கு முன்னாடி. மொதல்ல ஒண்ணுமே இல்லாத எடம், அப்புறம் தூரத்துல ஆடு தெரியற எடம், கடைசியாத்தான் மயில். செவலைக்கு ஆடு வரைக்கும் வர்றதுக்கே ஏழு மாசம் ஆச்சு.

எப்ப கயிறை மாத்தணும்?

வாரத்துக்கு ஒரு தடவை மொத்த நீளத்தையும் கைல உருவிப் பாருங்க. எங்கயாச்சும் பஞ்சு மாதிரி பிசிறு, உருகின மாதிரி பளபளன்னு கெட்டியான எடம், தையல் தூக்கி நிக்கறது, கலர் வெளுத்து மொரமொரப்பா ஆனது, இதுல ஒண்ணு இருந்தாலும் அந்த எடத்தோட வெட்டிட்டு குட்டைக் கயிறா வச்சுக்கோங்க. கொக்கியோட சுத்துற எடத்துல மண்ணு அடைச்சுக்கும், கழுவி ஒரு சொட்டு தேங்காண்ணெய். அழுக்குக்கு வெறும் சோப்புத் தண்ணி, நிழல்ல காயப்போடுங்க.

எப்ப கயிறே இல்லாம விடலாம்?

ஒரே நாள்ல கழட்டாதீங்க. 10 மீட்டரை 5 ஆக்குங்க, அப்புறம் 2, அப்புறம் கொக்கியோட ஒரு முழம் மட்டும் தொங்கட்டும். சில நாய்க்கு அந்த நாள் வராமலே போகலாம், ரோடு பக்கம் இருக்கற வேட்டை நாய்க்கு நான் விடவே சொல்ல மாட்டேன். செவலை இப்ப வேலி அடிச்ச எங்க மாமா தோட்டத்துல கயிறில்லாம ஓடறான், கூப்ட்டா வந்துர்றான். கரிசக்காட்டுக்குப் போனா இன்னைக்கும் 10 மீட்டர்தான், மயில் இன்னும் அதே வரப்புலதான் இருக்கு.